தக்காளி மேல் வீண்பழி

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கிறோம். என் கணவருக்கு 43 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கிளீன் ரூம் (தூசு புகாத அறை) டெக்னீஷியன். 12 மணி நேர ஷிஃப்ட். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தடவை சிறுநீரகக் கல் வந்து, தானாகவே போய்விட்டது. போன வாரம் நடுச்சாமத்தில் மறுபடியும் விலாவிலிருந்து அடிவயிறு வரை வலி இழுத்து, வாந்தி எடுத்து, தரையில் புரண்டு துடித்துவிட்டார். எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டிலும் இடது பக்கச் சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டரில் ஒரு கல் தெரிகிறது. சிறுநீரகத்துக்குள் 3 மில்லிமீட்டரில் இன்னொன்று இருக்கிறதாம். மாத்திரை கொடுத்து, "நிறைய தண்ணீர் குடியுங்கள், நான்கு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கல் என்பதே கால்சியம்தானே என்று முதலில் பால், தயிர், மோரை நிறுத்தினேன். பிறகு தக்காளி, கத்திரிக்காய், கீரை. என் மாமியார் தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறார். பக்கத்து வீட்டு மலாய் அக்கா மிசாய் கூச்சிங் (பூனைமீசை) இலை பறித்துத் தந்தார். கூட்டாளிகள் பீர் குடித்தால் கல் கரைந்துவிடும் என்கிறார்கள். இவர் உடனே நம்பியது அதை ஒன்றைத்தான். இனி நான் என்னதான் சமைப்பது? என் இரண்டு பையன்களுக்கும் இது வருமா?

— ஒரு வாசகி, பினாங்கு

பதில்: அன்புத் தங்கைக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். என்னென்ன சாப்பாட்டை நிறுத்தினீர்கள் என்பது விவரமாக இருக்கிறது. அவர் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தண்ணீர் குடிக்கிறார் என்று ஒரு வரி இல்லை. மருத்துவர் சொன்ன "நிறைய தண்ணீர்" மட்டும்தான் இருக்கிறது. அந்த 'நிறைய' என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இருபது வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து கல்லோடு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "கிளீன் ரூமா?" என்பதுதான். உள்ளே போக, தலை முதல் கால் வரை அந்த வெள்ளை உடுப்பு. தண்ணீர்ப் போத்தல் உள்ளே போகக்கூடாது. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். அதற்கு அஞ்சியே பலர் ஷிஃப்ட்டுக்கு முன்னால் தண்ணீரைத் தொட மாட்டார்கள். உள்ளே ஜிலுஜிலுவென்று குளிர் வேறு. வேர்க்காது, தாகமும் தெரியாது. "நான் வெயிலில் நிற்கிறவன் இல்லையே, எனக்கு எதற்குத் தண்ணீர்" என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அவர் பையிலிருந்த 600 மில்லி போத்தலைக் காட்டச் சொன்னேன். காலையில் வீட்டில் நிரப்பியது, சாயங்காலம் ஐந்து மணிக்கு முக்கால் போத்தல் அப்படியே இருந்தது. தைப்பூசம் வந்தால் பத்தடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டு ஊருக்கே ஊற்றுகிறோம். தண்ணீர்மலை முருகன் காலடியில் இருந்துகொண்டு நாம் மட்டும் குடிப்பதில்லை.

கல் எப்படி உண்டாகிறது என்பது சமையலறைக்காரர்களுக்கு எளிதில் புரியும். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது தண்ணீர் சுண்டச் சுண்ட ஓரத்தில் மணல் மணலாகப் பூக்கிறதல்லவா, அதேதான். சிறுநீர் சுண்டினால் அதில் கரைந்திருக்கிற கால்சியமும், கீரை, கொட்டைகளில் இருக்கிற ஆக்ஸலேட் என்ற பொருளும் சேர்ந்து படிகமாகிவிடும். பெரும்பாலான கற்கள் இந்தக் கால்சியம் ஆக்ஸலேட் வகை. சாதா எக்ஸ்ரேயில் தெரிந்தது என்று எழுதியிருப்பதால் உங்கள் கணவருடையதும் கால்சியக் கல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். யூரிக் அமிலக் கல் என்றால் சாதா எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியாது.

இப்போது குழாயில் நிற்கிற கல்லைப் பற்றி. 5 மில்லிமீட்டர் என்பது ஒரு பச்சைப்பயறு. சிறுநீர்க்குழாயின் உள்வழி 3, 4 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அந்த வலி. ஆனாலும் இந்த அளவுக்குள் இருக்கிற கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தானாகவே இறங்கிவிடும். அவருக்குக் கீழ்ப்பகுதி வரைக்கும் வந்துவிட்டது, அது நல்லது. நான்கு வாரம் காத்திருக்கச் சொன்னதில் தப்பில்லை. இறங்காவிட்டால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தோ, குழாய்க்குள் கருவி விட்டு லேசரிலோ உடைப்பார்கள். லேசருக்குப் பிறகு உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாய் வைத்தார்களானால், அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வலி போய்விட்டதென்று அதை மறந்து, ஸ்டென்டின் மேலேயே கல் படிந்து திரும்பி வந்தவர்கள் உண்டு.

வலி உச்சத்தில் இருக்கும்போது தண்ணீரை லிட்டர் கணக்கில் திணிக்காதீர்கள். அடைபட்ட குழாய்க்கு மேலே மேலே நீரை ஏற்றினால் வலிதான் கூடும், கல் விரைந்து வந்துவிடாது. அந்த நேரம் மருத்துவர் கொடுத்த வலி மருந்து, தாகத்துக்குத் தண்ணீர், அவ்வளவு போதும். அந்த மருந்தையும் சொன்ன நாளுக்கு மேல் கடையில் வாங்கிப் போடக்கூடாது. வலி நிவாரணிகளில் சில சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். ஒன்றை மட்டும் மாமியாரிடமும் பையன்களிடமும் சொல்லி வையுங்கள். வலியோடு காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், சிறுநீரே போகாவிட்டால், குடித்த தண்ணீர்கூட வாந்தியாகிக்கொண்டே இருந்தால், இரவு எத்தனை மணியானாலும் பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்துவிட்டால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும். அங்கே வைத்தியம் மருத்துவருடையது, என்னுடையது இல்லை.

என் வேலை இனிமேல்தான். பாலையும் தயிரையும் இன்றைக்கே திரும்பக் கொடுங்கள்.

கல்லில் கால்சியம் இருக்கிறது, ஆகவே கால்சியம் சாப்பிடக்கூடாது என்ற கணக்கு கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். நாம் சாப்பிடுகிற கீரை, கடலை, கிழங்குகளில் ஆக்ஸலேட் இருக்கிறது. அதே வேளையில் தட்டில் தயிரும் இருந்தால், இரண்டும் குடலிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். தயிரை எடுத்துவிட்டால் ஆக்ஸலேட்டுக்குத் துணை கிடைக்காமல் அது ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே கால்சியத்தைப் பிடிக்கும். குடலில் நடக்க வேண்டிய கல்யாணம் சிறுநீரகத்தில் நடக்கிறது. இத்தாலியில் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து 5 வருடம் பார்த்தார்கள். 2002ல் அதன் முடிவு வெளிவந்தது. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடியும் கல். கால்சியத்தை வழக்கம்போல வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

அவருக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் 300 போல இருக்கும், ஒரு கப் தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மீதியை தவ்ஹு (டோஃபு), சாவிக்கீரை (கடுகுக்கீரை வகை), முள்ளோடு தின்கிற நெத்திலி கொடுத்துவிடும். நெத்திலியை மட்டும் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள், உப்பு அதிகம். பாலோ தயிரோ சாப்பாட்டோடு இருக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது தனியாகக் குடித்தால் இந்தக் காரியத்துக்கு உதவாது. கால்சியம் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்னொன்று, மம்மாக் கடை தே தாரிக்கைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தேநீரில் ஊற்றுகிற பால் டின்களின் லேபிளைப் படித்துப் பாருங்கள், பல டின்களில் இருப்பது பாம் எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமர். அதில் கால்சியம் சொற்பம்.

தக்காளிக்கு வருவோம். பாவம், அதன் மேல் விழுந்த பழி வீண்பழி. விதையைப் பார்த்து, அது போய்க் கல்லாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டது நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. தக்காளியில் ஆக்ஸலேட் குறைவு. ரசம் வையுங்கள், உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள். கத்திரிக்காயை அளவாகச் சாப்பிடலாம். முட்டைக்கோஸ், பூசணி, சுரைக்காய், புடலங்காய் எதற்கும் பயமில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியவை பசலைக்கீரையும், பாசாரில் 'பாயாம்' என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கிற தண்டுக்கீரை வகைகளும், பீட்ரூட்டும், சேப்பங்கிழங்கும், பாதாம், முந்திரி, கச்சான் போன்ற கொட்டைகளும். இவற்றையும் அடியோடு விலக்கத் தேவையில்லை. கீரையை நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். கரைகிற ஆக்ஸலேட்டில் நல்ல பங்கு அதோடு போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் போதும், பக்கத்தில் தயிர் இருக்கட்டும். மற்ற நாளில் சாவி, காய்லான் வாங்குங்கள். இவற்றில் ஆக்ஸலேட் குறைவு, கால்சியமும் நன்றாக உடம்பில் சேரும். புளிச்ச பிலிம்பிக்காயைச் சாறாகப் பிழிந்து குடிக்கச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றிக் கேரளத்திலிருந்து மருத்துவக் குறிப்புகள் வந்திருக்கின்றன.

கீரையைப் பிடித்த கையோடு நீங்கள் உப்பை விட்டுவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் ஊறுகாய் என்ற சொல்லே இல்லை. உடம்பு அதிகப்படியான உப்பைச் சிறுநீரில் தள்ளும்போது கால்சியத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். உப்பைக் குறைக்காமல் பாலை மட்டும் நிறுத்தினால் சிறுநீரில் கால்சியம் குறையாமலே போகலாம். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. நம் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில் மலேசியப் பெரியவர்கள் சராசரியாக 8 கிராமை ஒட்டிச் சாப்பிடுவது தெரிந்தது.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மாமியாரையும் பையன்களையும் சேர்த்து ஐந்து பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 750 கிராம். இதில் கிச்சாப், பெலாச்சான், அப்பளம், கருவாடு, ஊறுகாய், வெளியில் சாப்பிடுவது எல்லாம் அடக்கம். அடுத்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டால், வெளிச்சாப்பாட்டைச் சேர்க்காமலேயே நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு அம்மா இதைச் செய்துவிட்டு, "பதினெட்டே நாள்!" என்று எனக்குப் போன் பண்ணினார். அவருக்குக் குரலே எழும்பவில்லை.

நைட் ஷிஃப்ட்டில் அவர் இன்ஸ்டன்ட் மீ சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அந்தத் தூள் பாக்கெட்டை முழுதாகக் கொட்டினால் ஒரு நாள் உப்பில் பாதி அந்த ஒரு கோப்பையிலேயே முடிந்துவிடும். பாதித் தூள் போதும், சூப்பைக் குடிக்க வேண்டாம். நாசி கண்டாரை நிறுத்தச் சொன்னால் பினாங்கில் என் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் இப்படிச் சொல்கிறேன்: 'பஞ்சிர்' (சோறு முழுக்கக் குழம்புகளைக் கொட்டுவது) வேண்டாம், ஒரே குழம்பு, அதுவும் ஓரமாக. கறியோ கோழியோ ஒரு துண்டு, உள்ளங்கை அளவு. கூட வெண்டைக்காய்க்குப் பதில் முட்டைக்கோஸ். இறைச்சி கூடினால் சிறுநீரில் யூரிக் அமிலமும் கால்சியமும் ஏறும், கல்லைத் தடுக்கிற சிட்ரேட் இறங்கும். மீன், முட்டையும் இந்தக் கணக்கில் சேரும். பருப்பு சேராது. சாம்பார் நாள்களைக் கூட்டுங்கள்.

சிட்ரேட் என்றதும் எலுமிச்சை. நம் கஸ்தூரி லிமாவைத் தண்ணீரில் பிழிந்து குடிப்பது நல்ல பழக்கம். ஆனால் கடையில் 'லிமாவ் அசாம் போய்' கேட்டால் சீனிப்பாகும் உப்பில் ஊறிய பழமும் சேர்ந்துதான் வரும். வீட்டில் பிழிந்து, சீனி உப்பு இல்லாமல் குடிக்கச் சொல்லுங்கள். பார்லித் தண்ணீரும் அப்படியே. கோலா வகைகளையும் சீனி போட்ட பாட்டில் பானங்களையும் வீட்டுக்குள் விடாமல் இருப்பது நல்லது. குமிழி விட்டுக் கரைகிற வைட்டமின் சி மாத்திரையை அவர் தினமும் போடுகிறாரா? கொரோனா காலத்திலிருந்து பலர் விடாமல் போடுகிறார்கள். 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு பங்கு உடம்புக்குள் ஆக்ஸலேட்டாகத்தான் மாறும். அதை நிறுத்தலாம், ஒரு கொய்யா போதும். மஞ்சள் கேப்சூலும் வேண்டாம். குழம்பில் போடுகிற மஞ்சளால் ஒன்றும் ஆகாது.

வாழைத்தண்டு விஷயத்தில் மாமியாரோடு சண்டை போடாதீர்கள். எலிகளிடம் செய்த ஆய்வுகளில் அந்தச் சாறு சிறுநீரில் ஆக்ஸலேட்டைக் குறைத்திருக்கிறது. ஆனால் உருவாகிவிட்ட கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கிற மருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. யூரிக் அமிலக் கல் வேறு, அதை மருந்தால் கரைக்கலாம். பிறகு எப்படி இத்தனை பேர் "எனக்குக் கரைந்தது" என்கிறார்கள்? சின்னக் கல்லில் மூன்றில் இரண்டு தானாக இறங்கும் என்று மேலே சொன்னேனே. இறங்கிய வாரத்தில் என்ன குடித்தார்களோ, பேர் அதற்குப் போய்விடும். வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கித் தயிர்ப் பச்சடியாகச் செய்யச் சொல்லுங்கள். அத்தைக்கும் மனம் நிறையும், தயிரும் உள்ளே போகும். மிசாய் கூச்சிங் இலை லேசாகச் சிறுநீரைப் பெருக்கும். அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரானால் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கக்கூடாது. பீர்? அன்றைக்குச் சிறுநீர் நிறையப் போகும், மறுநாள் காலையில் உடம்பு வறண்டு கிடக்கும், யூரிக் அமிலம் ஏறும். குழாயைத் தளர்த்துகிற மாத்திரை கொடுத்திருந்தால் அதோடு பீர் சேரும்போது எழுந்து நிற்கையில் தலை சுற்றிக் கீழே விழவும் கூடும். கூட்டாளிகள் செலவிலேயே கிடைத்தாலும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கணக்கை அவர் ஷிஃப்ட்டை வைத்தே போட்டுவிடுவோம். குறி, குடிக்கிற அளவைவிட வெளியேறுகிற அளவு: நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர். அதற்கு மூன்று லிட்டரை ஒட்டி உள்ளே போக வேண்டும். எழுந்ததும் 400 மில்லி. உடுப்பு மாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு 300, பிறகு கழிவறைக்குப் போய்விட்டு உள்ளே போகட்டும். இரண்டு டீ பிரேக்கிலும் 400, 400, சாப்பாட்டு வேளையில் 500. ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் 500, வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டோடு 400. படுக்கும் முன் 250. ராத்திரி ஒரு தடவை எழ வேண்டியிருக்கும், எழட்டும், சிறுநீர் அதிகம் சுண்டுவது அந்த நேரத்தில்தான். லீவு நாளில் ஒரு பழைய ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தலில் காலையிலிருந்து மறுநாள் காலை வரை சிறுநீரைப் பிடித்து அளந்து பாருங்கள். ஒன்றே முக்கால் போத்தல் நிரம்பினால் சரி. கழிவறைக்குப் போக சூப்பர்வைசர் முகம் சுளித்தால், கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். நானே நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கணக்கு சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடியிருந்தால், அல்லது இதய நோய் இருந்தால், மருத்துவர் சொல்கிற அளவுதான்.

பையன்களுக்கு வருமா? அப்பாவுக்கு இருந்தால் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஒரே வீட்டில் ஒரே ஊறுகாய் ஜாடி, ஒரே தண்ணீர் குடிக்காத பழக்கம் என்பதும் அதில் சேர்ந்ததுதான். அவர்களுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், பள்ளிப் போத்தல் காலியாகத் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, இந்த நான்கு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை. அந்தக் கல்லைப் பிடிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் போனது எந்த வகை என்று தெரிந்திருந்தால் இன்றைக்கு நான் 'வாய்ப்பு அதிகம்' என்று இழுத்து எழுத வேண்டியதில்லை. கடையில் கண்ணி நெருக்கமான ஒரு தேயிலை வடிகட்டி வாங்குங்கள், வீட்டில் ஒவ்வொரு தடவையும் அதன் வழியாகப் போகட்டும். வேலையிடத்துக்கு அகலவாய் உள்ள பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. அதில் போய், அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டட்டும். கல் என்றதும் கூழாங்கல்லை நினைக்காதீர்கள். போன வருடம் ஒருவர் மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் கவிழ்த்தார். பழுப்பு நிறம், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, சுற்றிலும் நெருஞ்சி முள் மாதிரிக் கூர் கூராக. "இதுக்காம்மா நான் அவ்வளவு அழுதேன்" என்றார். கிடைத்ததும் தண்ணீரில் கழுவி, காய வைத்து, டப்பாவில் போட்டுத் தேதி எழுதி, அடுத்த தவணைக்குக் கொண்டுபோய் எந்த வகை என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது தடவை என்பதால் ரத்தத்தில் கால்சியமும் யூரிக் அமிலமும், முடிந்தால் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், சமையல் பட்டியலை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளலாம். வடிகட்டியின் பிடியில் மறக்காமல் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அத்தை அவசரத்தில் அதை எடுத்துத் தேத்தண்ணீர் வடிகட்டிவிடப் போகிறார்.